வீட்டு வன்முறையிலிருந்து வெளியே வந்த பிள்ளைக்குக் கொழும்பில் உதவி பெறுவது எப்படி

வீட்டில் அடி உதையைப் பட்டோ, பார்த்தோ வளர்ந்த ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, இனி யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்பவருக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் தாயாக இருக்கலாம், அம்மம்மாவாக, சித்தியாக, மாமாவாக இருக்கலாம். நான் பெரியம்மா.

என் தங்கையின் மகளுக்கும் மகனுக்குமாகப் பொலிஸ், ஆஸ்பத்திரி, நீதிமன்றம், பிரதேச செயலகம் என்று அலைந்ததில் எனக்கு ஒரு விடயம் நன்றாக விளங்கியது. போகிற இடமெல்லாம் தாயின் முறைப்பாடு, தாயின் வழக்கு, தாயின் பாதுகாப்பு என்றுதான் பேச்சு போகும். அதுவும் வேண்டியதுதான். ஆனால் பிள்ளை பக்கத்து வாங்கில் பேசாமல் உட்கார்ந்திருக்கும், அதைப் பற்றி யாரும் எதுவும் எழுத மாட்டார்கள். பிள்ளைக்கென்று தனியாக ஒரு கோப்பு திறக்க வேண்டும், அதற்கு ஒரு உத்தியோகத்தர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாப் படிகளிலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. இன்றே ஆபத்து என்றால்

கதவை உடைக்கிறார், அடி நடந்துகொண்டிருக்கிறது, பிள்ளையைப் பறித்துக்கொண்டு போகப் பார்க்கிறார் என்றால் பொலிஸ் அவசர இலக்கம் 119. காயம் பட்டிருந்தால் 1990 அம்புலன்ஸ், அதற்குக் காசில்லை.

அந்த நிமிடத்தில் ஆபத்து இல்லை, ஆனால் பிள்ளையின் நிலைமையை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றால் 1929. இது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரும் ஆசிரியரும் கூட எடுக்கலாம். பெயர் சொல்லத்தான் வேண்டும் என்றில்லை. தாய்க்கு ஆலோசனை வேண்டுமானால் பெண்களுக்கான 1938. பொலிஸின் சிறுவர், பெண்கள் பணியகத்துக்கு 109.

எங்கே எடுத்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: என் முறைப்பாட்டின் இலக்கம் என்ன? இதை எந்த அலுவலகத்துக்கு அனுப்புகிறீர்கள்? பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். தமிழ் பேசுபவர் அந்த நேரம் இல்லையென்றால் உங்கள் இலக்கத்தைக் கொடுத்துத் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். அதை நம்பிக் காத்திருக்காமல் நீங்களும் மறுபடி எடுங்கள்.

2. கடதாசிகளைச் சேர்த்தல்

அவசரமாக வெளியேறியவர்கள் கையில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. அதற்காக அந்த வீட்டுக்குத் தனியாகத் திரும்பிப் போக வேண்டாம். போயே ஆக வேண்டுமானால் பொலிஸ் நிலையத்தில் சொல்லி ஒரு உத்தியோகத்தரைத் துணைக்குக் கேளுங்கள். நிறையப் பேர் மறுபடி அகப்படுவது இப்படிச் சாமான் எடுக்கப் போகும் இடத்தில்தான்.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்தான் எல்லாவற்றுக்கும் மூலம். மூலப்பிரதி வீட்டில் சிக்கியிருந்தால் பரவாயில்லை. பிறப்புப் பதிவான பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து, சிறிய கட்டணத்துக்கு அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

அதோடு வேண்டியவை: உங்களுடைய தேசிய அடையாள அட்டை, பெற்றோரின் திருமணச் சான்றிதழ் இருந்தால் அது, பிள்ளையின் கிளினிக் கொப்பி, பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, இப்போது தங்கியிருக்கும் வீட்டின் கிராம உத்தியோகத்தரிடமிருந்து வதிவிடக் கடிதம். கடைசியில் சொன்னதற்கு வீட்டுக்காரரின் ஒத்துழைப்பும் வேண்டியிருக்கும். வாடகை வீட்டில் உறவினரோடு ஒண்டியிருப்பவர்களுக்கு இது இழுபடும், ஆகவே முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.

சாட்சிகளையும் சேருங்கள். காயங்களின் படங்கள், மிரட்டிய குறுஞ்செய்திகள், வட்ஸ்அப் குரல் பதிவுகள், பழைய ஆஸ்பத்திரித் துண்டுகள். கைபேசியில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். கைபேசியை அவர் பறித்தால் எல்லாம் போய்விடும். நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

ஒவ்வொரு கடதாசியிலும் நான்கைந்து போட்டோகொப்பி எடுத்து ஒரே கோவையில் போடுங்கள். மூலப்பிரதியைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். கட்டாயம் வேண்டும் என்றால் பெற்றுக்கொண்டதாக எழுத்தில் வாங்குங்கள். ஒரு கொப்பியும் வைத்துக்கொள்ளுங்கள்: போன தேதி, அலுவலகம், பேசிய உத்தியோகத்தரின் பெயர், என்ன சொன்னார், அடுத்த தேதி. எனக்கு வேறு எதையும் விட அந்தக் கொப்பிதான் கை கொடுத்தது. 'அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்களே' என்பவரிடம் பெயரையும் தேதியையும் வாசித்துக் காட்டினால் பேச்சு மாறிவிடும்.

3. ஆஸ்பத்திரிக்கு முதலில் போகலாம்

பொலிஸ் துண்டு இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பிள்ளைக்குக் காயம் இருந்தால் நேரே பொரளை ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கோ, பக்கத்திலுள்ள அரச ஆஸ்பத்திரிக்கோ கொண்டு போங்கள். சிகிச்சை இலவசம். எப்படி நடந்தது என்று வைத்தியரிடம் உள்ளபடி சொல்லுங்கள். 'விழுந்துவிட்டான்' என்று சொன்னால் அதுதான் கட்டில் தலைமாட்டு அட்டையில் ஏறும், பிறகு நீதிமன்றத்தில் அதை மாற்றுவது மிகக் கடினம்.

சட்ட வைத்திய அதிகாரி பிள்ளையைப் பரிசோதிக்க, பொலிஸ் கொடுக்கும் சட்ட மருத்துவப் பரிசோதனைப் படிவம் வேண்டும். ஆஸ்பத்திரியில் இருக்கும் பொலிஸ் காவலரண் ஊடாகவே அதை ஏற்பாடு செய்வார்கள். அவருடைய அறிக்கை நீதிமன்றத்துக்குத்தான் போகும், உங்கள் கையில் தர மாட்டார்கள். அதனால் பரிசோதனை நடந்த தேதியையும் படிவத்தின் இலக்கத்தையும் குறித்து வையுங்கள். கன்றிய தழும்பு சில நாட்களில் மங்கிவிடும். நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ள வேண்டாம்.

பிள்ளையை வார்டில் வைத்தால் அவசரப்படுத்தி வீட்டுக்கு எடுக்காதீர்கள். உறவினர் சொல்லுவார்கள், ஊர் சிரிக்கும், துண்டு வெட்டிக்கொண்டு வா என்று. ஆனால் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக வைத்தியர், பொலிஸ், நன்னடத்தை உத்தியோகத்தர், சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் எல்லோரும் ஒரே மேசையில் கூடிப் பேசி, எந்த வீட்டுக்கு அனுப்புவது பாதுகாப்பு என்று முடிவெடுக்கும் கூட்டம் ஆஸ்பத்திரியில் நடக்கும். பிறகு நீங்கள் தனித்தனியாக ஏறி இறங்க வேண்டிய கதவுகளெல்லாம் அங்கே ஒரே நாளில் திறக்கின்றன. 'கூட்டம் எப்போது? நானும் வரலாமா?' என்று வார்டுத் தாதியிடம் கேளுங்கள்.

தாய்க்கும் காயம் என்றால் பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் 'நட்பு நிலையம்' என்ற பிரிவு இருக்கிறது. சிங்களத்தில் 'மித்துரு பியச' என்று பலகை போட்டிருக்கும். வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்றே இருக்கும் இடம் அது. அங்கிருந்து பிள்ளைக்கும் வழி காட்டுவார்கள்.

4. பொலிஸ் முறைப்பாடு

பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர் பிரிவைக் கேட்டுப் போங்கள். வாசலில் உள்ள பொது மேசையில் கதையைத் தொடங்க வேண்டாம். முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை.

நாங்கள் முதலில் போன நிலையத்தில் ஓர் உத்தியோகத்தர், சுற்றி நாலு பேர் நிற்க, என் பெறாமகளிடம் 'அப்பா என்ன செய்தார், சொல்லு' என்று கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கு முன்பும் அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் அழுதால் 'ஒன்றுமில்லை' என்றாள். அப்படி எடுக்கும் வாக்குமூலத்தால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. தனி அறை, பெண் உத்தியோகத்தர், பிள்ளை நம்பும் ஒரு பெரியவர் பக்கத்தில்: இந்த மூன்றையும் மரியாதையாக, விடாமல் கேளுங்கள். அன்று முடியாதென்றால் வேறொரு நேரம் வாங்குங்கள்.

பாரதூரமான விடயமாக இருந்தால், பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிய முடியுமா என்று கேளுங்கள். 1999 இன் 32 ஆம் இலக்கச் சாட்சியச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. மாதிவெலையில் உள்ள தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையில் அதற்கான வசதி இருக்கிறது. நடந்ததை ஒவ்வொரு மேசையிலும் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது பிள்ளையை மறுபடி அடிப்பதற்குச் சமம். அதைக் குறைக்க என்ன வழி இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மொழி விடயம். தமிழும் அரசகரும மொழி. முறைப்பாட்டைத் தமிழில் எழுதக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கொழும்பில் நடைமுறையில் நீங்கள் தமிழில் சொல்ல, அவர் சிங்களத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொல்லுவது அடிக்கடி நடக்கிறது. விளங்காததில் கையெழுத்து வைக்காதீர்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், அல்லது தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும் வரை இருங்கள். நாள், இடம், ஆயுதம், பிள்ளை எங்கே நின்றது என்பவை சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். முறைப்பாட்டு இலக்கமும் தேதியும் எழுதிய துண்டு இல்லாமல் வெளியே வர வேண்டாம்.

பொறி ஒன்று. 'குடும்பப் பிரச்சினைதானே, இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி அனுப்புகிறோம்' என்பார்கள். நல்ல எண்ணத்தோடு சொல்பவர்களும் உண்டு. ஆனால் அடித்தவர் அங்கே கைகட்டி நின்று 'இனிச் செய்ய மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்தால், அன்றிரவு பிள்ளை அதே வீட்டில். பிள்ளையை வதைப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின் கீழ் குற்றம். அதைச் சொல்லி, சமாதானம் வேண்டாம், முறைப்பாட்டைப் பதியுங்கள் என்று கேளுங்கள். பதிய மறுத்தால் உயர் பொலிஸ் அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் சொல்லலாம்.

5. பாதுகாப்புக் கட்டளை

அடித்தவர் உங்களையோ பிள்ளையையோ நெருங்கக் கூடாது, துன்புறுத்தக் கூடாது என்று நீதிமன்றம் போடும் தடைதான் பாதுகாப்புக் கட்டளை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிப்பது இது. பலருக்குத் தெரியாத ஒன்று: பிள்ளைக்காகவும் தனியாக இதைக் கேட்கலாம். பெற்றோரோ பாதுகாவலரோ மட்டுமல்ல, பிள்ளை யாரோடு வசிக்கிறதோ அவரும் கேட்கலாம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை எழுத்தில் அதிகாரம் கொடுத்தவரும் கேட்கலாம். பொலிஸ் உத்தியோகத்தரும் உங்கள் சார்பில் விண்ணப்பிக்கலாம். தாய் மத்திய கிழக்கில் வேலையில் இருக்க, பிள்ளை அம்மம்மாவிடம் ஓடி வந்திருந்தால் அந்த அம்மம்மாவே போகலாம். தகப்பன் மட்டுமல்ல, சிற்றப்பன் முறையில் வந்தவர், தாத்தா, அண்ணன் என்று குடும்பத்துக்குள் யார் வன்முறை செய்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும்.

எந்த நீதிமன்றம்? நீங்கள் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ இருக்கும் இடம், அவர் இருக்கும் இடம், சம்பவம் நடந்த இடம், இதில் எதுவும் சரி. ஆகவே கொட்டாஞ்சேனையில் நடந்து, இப்போது வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் இருந்தால், வெள்ளவத்தைக்குரிய நீதிமன்றத்துக்கே போகலாம். புதுக்கடையா, மாளிகாகந்தையா, கல்கிசையா என்பதை உங்கள் பொலிஸ் நிலையத்தில் கேட்டால் சொல்லுவார்கள்.

விண்ணப்பத்தோடு சத்தியக்கடதாசியும் கொடுங்கள். தாயின் அடிகளை மட்டும் எழுதாமல், பிள்ளைக்கு நடந்ததைத் தனிப் பந்தியாக எழுதச் சொல்லுங்கள்: எப்போது அடிபட்டது, எதைப் பார்த்தது, என்ன சொல்லி மிரட்டப்பட்டது, அதன் பின் பாடசாலைக்குப் போனதா, தூங்குகிறதா. கேட்கும் தடைகளிலும் பிள்ளையின் பாடசாலை, ரியூஷன் வகுப்பு, தங்கியிருக்கும் வீடு என எல்லா இடத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டளையில் இல்லாத இடத்துக்குத்தான் அவர் வந்து நிற்பார்.

நீதவான் திருப்திப்பட்டால் அன்றே இடைக்காலக் கட்டளை கிடைக்கலாம். விசாரணைக்கு 14 நாட்களுக்குள் தேதி வைக்க வேண்டும். விசாரணைக்குப் பின் கிடைக்கும் கட்டளை அதிகபட்சம் 12 மாதங்களுக்கு. மீறினால் பத்தாயிரம் ரூபா வரை அபராதம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். பிள்ளையை அவர் சந்திப்பதற்கு நிபந்தனை போடவும், சமூக சேவை உத்தியோகத்தரைக் கொண்டு நிலைமையைக் கண்காணிக்கவும், அவசரச் செலவுக்குப் பணம் கொடுக்கச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் தலைமை அலுவலகம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு வழக்குப் பேசுவார்கள். சம்பளத் துண்டோ, வருமானம் பற்றிய கிராம உத்தியோகத்தரின் கடிதமோ கொண்டு போங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது. பாதுகாப்புக் கட்டளையை நீதிமன்றம்தான் கொடுக்கும், ஆனால் அதற்கு விண்ணப்பிக்கும் சட்ட உதவி பெண்களுக்கு உதவும் தொண்டு நிறுவனங்கள் ஊடாகவும் கிடைக்கும். விமன் இன் நீட் நிறுவனம் கொழும்பில் நெடுங்காலமாக இதைச் செய்து வருகிறது. தனியார் சட்டத்தரணி என்றால் முழுக் கட்டணம் எவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு என்று முதல் நாளே பேசி முடித்துக்கொள்ளுங்கள். தவணைக்குத் தவணை கொடுத்து நகையெல்லாம் அடகு போனவர்களை எனக்குத் தெரியும்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. தாபரிப்பும், அதாவது பராமரிப்புச் செலவுப் பணமும், விவாகரத்தும் காதி நீதிமன்றத்துக்குப் போகும். பாதுகாப்புக் கட்டளைக்கு நீங்களும் நீதவான் நீதிமன்றத்துக்கே போகலாம், இனமோ மதமோ அதற்குத் தடையில்லை.

இன்னொன்றையும் தெரிந்து வைத்திருங்கள். பாதுகாப்புக் கட்டளை கிடைத்துவிட்டதால் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பது முடிந்துவிடாது. அது மாவட்ட நீதிமன்ற வழக்கு. மற்றப் பக்கம் முதலில் வழக்குப் போட்டுவிட்டால் நீங்கள் பதில் சொல்பவராகிவிடுவீர்கள். சட்டத்தரணியிடம் இரண்டையும் சேர்த்தே பேசுங்கள்.

6. பிள்ளைக்கென்று தனிக் கோப்பு

நான் முதலில் சொன்ன விடயம் இதுதான். கொழும்பு நகரத்துக்கு இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகள்: கொழும்பு, திம்பிரிகஸ்யாய. நீங்கள் இப்போது தங்கியிருக்கும் இடம் எதற்குள் வருகிறதென்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு அங்கே போங்கள். சந்திக்க வேண்டியவர்கள்: சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர். இவர்கள் வெளிக்கள வேலைக்குப் போவார்கள். எந்தக் கிழமை அலுவலகத்தில் இருப்பார்கள் என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் சம்பளம் மிஞ்சும்.

இவர்களுக்கு அப்பால், நீதிமன்றத்தோடு சேர்ந்து வேலை செய்பவர் நன்னடத்தை உத்தியோகத்தர். சிங்களத்தில் 'பரிவாச' என்று சொல்வது இவரைத்தான். பெயரைக் கேட்டவுடன் பலர் பயப்படுகிறார்கள், பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய் ஹோமில் போட்டுவிடுவார் என்று. உண்மையில் பிள்ளையை உறவினரோடு சட்டப்படி வைத்திருக்க உதவக்கூடியவரும் இவர்தான். தாய் இல்லாத, அல்லது தாயால் பார்க்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைக்கு, 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையாக நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்து, பொருத்தமான உறவினரிடம் ஒப்படைக்கக் கேட்கலாம். எந்த நீதிமன்றம் என்று அவரிடமே கேளுங்கள்.

உத்தியோகத்தர் உங்கள் வீட்டைப் பார்க்க வருவார். பிள்ளை எங்கே படுக்கும், யார் யார் வீட்டில் இருக்கிறார்கள், வருமானம் என்ன, பாடசாலை எவ்வளவு தூரம் என்று கேட்பார். சிறிய வீடு என்று வெட்கப்பட வேண்டாம். ஒரே அறையில் இருந்தாலும் பிள்ளைக்கு ஒரு மூலை, ஒரு பாய், புத்தகம் வைக்க ஒரு இடம் என்று காட்டுங்கள். இல்லாததை இருப்பதாகச் சொல்லாதீர்கள்.

எல்லோரிடமும் கேட்க வேண்டியது இது: 'இந்தப் பிள்ளையின் பெயரில் கோப்பு திறந்தாயிற்றா? அதன் இலக்கம் என்ன? அடுத்து எப்போது பார்ப்பீர்கள்?' மூன்றுக்கும் பதில் கிடைக்கவில்லை என்றால் கடிதமாக எழுதி, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

7. எங்கே தங்க வைப்பது

உறவினர் வீடுதான் பிள்ளைக்கு நல்லது, அங்கே பாதுகாப்பு இருந்தால். இல்லையென்றால் தாயையும் பிள்ளையையும் சேர்த்து ஏற்கும் பாதுகாப்பு இல்லங்கள் இருக்கின்றன. 1938, பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், நட்பு நிலையம் மூலம் போகலாம். முகவரியை வெளியே சொல்ல மாட்டார்கள், நீங்களும் யாருக்கும் சொல்லக் கூடாது. பிள்ளையின் கைபேசியில் இருப்பிடம் காட்டும் வசதியை நிறுத்துங்கள். வளர்ந்த ஆண் பிள்ளைகளை ஏற்காத இல்லங்கள் உண்டு. போய் இறங்கிய பிறகு அண்ணனும் தங்கையும் பிரிய நேரிடாமல், இதை முதலிலேயே கேளுங்கள்.

'கொஞ்ச நாளைக்குத்தானே' என்று சொல்லி, யாரோ தெரிந்தவர் நடத்தும் விடுதியிலோ ஆசிரமத்திலோ நேரடியாகப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள். நன்னடத்தைத் திணைக்களத்தில் பதிவில்லாத இடமாக இருந்தால் அங்கே நடப்பதைக் கேட்க ஆளில்லை. பதிவான இல்லம் என்றாலும் நீதிமன்றக் கட்டளையோடு, திரும்ப எடுக்கும் வழி எழுத்தில் இருக்கும்படி விடுங்கள்.

8. பாடசாலை

இதைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள். வழக்குகள் மாதக் கணக்கில் இழுக்கும், பாடசாலைதான் பிள்ளைக்கு அன்றாடம் நிலையாக இருக்கும் ஒரே இடம்.

அதே பாடசாலையில் தொடர்ந்தால் அதிபரை நேரில் சந்தித்துப் பாதுகாப்புக் கட்டளையின் பிரதியைக் கொடுங்கள். பிள்ளையைக் கூட்டிச் செல்லக்கூடியவர்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிய கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வாசல் காவலருக்கும் வான் சாரதிக்கும் தெரிய வேண்டும். தகப்பன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு பழத்தோடு வந்தால் காவலருக்கு எப்படித் தெரியும்?

பாடசாலை மாற வேண்டுமானால் விடுகைப் பத்திரம் வேண்டும். அதைப் பெறப் பழைய பாடசாலைக்குப் போவது ஆபத்து என்றால் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ நன்னடத்தை உத்தியோகத்தரையோ எழுதச் சொல்லுங்கள். புதிய பாடசாலை வாக்காளர் இடாப்பு, வதிவிட ஆதாரம் என்று கேட்டுத் திருப்பினால் அந்தக் கடிதத்தோடு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது தீர்வல்ல.

வகுப்பு ஆசிரியருக்கு எல்லாக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பொடியன் வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் கேட்டாலே எழுந்து ஓடிக் கழிப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளுவான். தகப்பன் வேலை முடிந்து வருவது அந்தச் சத்தத்தோடுதான். ஆசிரியருக்கு அதை மட்டும் சொன்னோம். அவர் தெருப்பக்க யன்னலிலிருந்து அவனை மாற்றிக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். 'போக வேண்டுமானால் கேட்காமலே போ, கொஞ்ச நேரத்தில் நான் வந்து தட்டுவேன்' என்றார். வேறு எவரும் செய்யாத உதவி அது.

9. மனக்காயத்துக்கு உதவி

சாப்பிடாமல் இருப்பது, படுக்கையில் சிறுநீர் போவது, தம்பியை அடிப்பது, அல்லது அளவுக்கு மீறி நல்ல பிள்ளையாக இருப்பது, இவையெல்லாம் காயத்தின் அடையாளங்கள். பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தரிடம் இலவசமாகப் போகலாம். ரிஜ்வே ஆஸ்பத்திரியில் சிறுவர் மனநலப் பிரிவு இருக்கிறது. அவசரமாகப் பேச ஆள் வேண்டுமானால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926.

தமிழில் பேசக்கூடியவரைக் கேளுங்கள். பிள்ளை பயத்தைச் சொல்ல முயலும்போது இடையில் மொழிபெயர்ப்பாளர் இருந்தால், அதுவும் உறவினர் ஒருவர் இருந்தால், உண்மை வெளியே வராது. ஆள் கிடைக்கத் தாமதமானால் காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு 1929 இடமும் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று சந்திப்பில் பிள்ளை ஒன்றும் பேசாது, படம் கீறிக்கொண்டிருக்கும். பலன் இல்லை என்று நிறுத்திவிடாதீர்கள். வெளியே வந்ததும் 'என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய்?' என்று விசாரிக்கவும் வேண்டாம்.

வீட்டில் பிள்ளை கேட்கும்படி வழக்கைப் பற்றிப் பேசுவதையும், தகப்பனைத் திட்டுவதையும் நிறுத்துவது பெரிய வேலை. வந்து பார்க்கும் உறவினர்களுக்கு வாசலிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கு அவர் மேல் பாசமும் இருக்கும், பயமும் இருக்கும். இரண்டும் இருக்கட்டும். சிறுவர் கழகம், விளையாட்டு, கோயில் வகுப்பு என்று வாரத்தில் ஒரு நாள் இந்தக் கதை எதுவும் தெரியாத பிள்ளைகளோடு இருக்க விடுங்கள்.

10. செலவும் உதவித்தொகையும்

பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்கான சிறிய கட்டணத்தைத் தவிர, மேலே சொன்னவற்றுக்குப் பொலிஸ், ஆஸ்பத்திரி, 1929, பிரதேச செயலகம் எங்கும் கட்டணம் இல்லை. யாராவது கேட்டால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். சமாதான நீதவான் கையெழுத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. உண்மையில் கையைக் கடிப்பது ஓட்டோ, போட்டோகொப்பி, இழக்கும் நாட்சம்பளம். ஒரே நாளில் ஒரே பக்கத்து அலுவலகங்களை முடிக்கப் பாருங்கள்.

தகப்பனிடமிருந்து பிள்ளைக்குத் தாபரிப்புக் கேட்பது 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், நீதவான் நீதிமன்றத்தில். தாய்க்கும் தகப்பனுக்கும் திருமணப் பதிவு இல்லாவிட்டாலும் பிள்ளைக்குக் கேட்கலாம். வழக்கு முடியும் வரை இடைக்காலத் தொகை தரும்படியும் கேளுங்கள். அவருடைய தொழில், வேலைத்தள முகவரி, சம்பளம் பற்றி எது கிடைத்தாலும் கொண்டு போங்கள்.

அஸ்வெசும என்ற அரச உதவித்தொகை, குடும்பம் என்ற அலகுக்குக் கொடுப்பது. பழைய வீட்டுப் பெயரில் அது போய்க்கொண்டிருந்தால், நீங்கள் பிரிந்து வாழ்வதைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் அறிவியுங்கள். நன்னடத்தைத் திணைக்களம் ஊடாகப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் திட்டங்களும் உண்டு. கோப்பு திறந்த உத்தியோகத்தரிடம் 'இந்தப் பிள்ளைக்கு எதற்கு விண்ணப்பிக்கலாம்?' என்று கேளுங்கள். பிள்ளையின் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் திறந்து வைத்திருந்தால் வேலை சுலபம்.

11. தவறவிடக் கூடாத தேதிகள்

பாதுகாப்புக் கட்டளை முடியும் தேதியை நாட்காட்டியில் சிவப்பில் குறியுங்கள். முடிவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சட்டத்தரணியைச் சந்தியுங்கள். இடையில் அவர் மீறினால், சிறியதாக இருந்தாலும், கட்டளையின் பிரதியோடு அன்றே பொலிஸில் பதியுங்கள். நீடிக்கக் கேட்கும்போது அந்தப் பதிவுதான் பேசும்.

நீங்கள் வீடு மாறினால் பிள்ளையின் கோப்பும் மாற வேண்டும். அது தானாக மாறாது. பழைய உத்தியோகத்தரிடம் கடிதம் வாங்கி, புதிய பிரிவின் செயலகத்துக்கு நேரில் கொண்டு போய்க் கொடுங்கள். உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போனாலும் அப்படித்தான்: புதிதாக வந்தவரிடம் கோப்பு இலக்கத்தைச் சொல்லி, எடுத்துப் பார்க்கச் சொல்லி, அடுத்து வீட்டுக்கு வரும் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.